அறியப்படாமைச் சான்று

மக்கள் ஏற்கனவே அறிந்த பாட்டையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருப்பது அரசின் கவனத்துக்கு வந்தது. இப்படியே போனால் கலை என்னாவது என்று மேலிடத்தில் ஒருவர் கவலைப்பட்டார். கவலைப்பட்டவர் யார் என்பது கோப்பில் இல்லை. கவலை மட்டும் இருந்தது. ஆகவே, 'மாவட்டத்துக்குப் பத்து வீதம், அதிகம் அறியப்படாத சுயாதீன இசைத்தொகுப்புகளைக் கண்டறிந்து மேடையேற்றுதல்' என்ற திட்டம் உத்தரவாகித் தஞ்சாவூருக்கும் வந்துசேர்ந்தது. சுயாதீனம் என்றால் சினிமாவில் சேராதது என்று அடிக்குறிப்பில் விளக்கியிருந்தார்கள். ராக், நாட்டுப்புறம் ஆகிய இரண்டுக்கும் முன்னுரிமை என்றும் இருந்தது. ராக் என்றால் என்ன என்பதற்கு அடிக்குறிப்பு இல்லை.

கேசட் போய், சிடியும் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த காலம் அது. வீட்டுக்கொருவர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருந்தார்கள். பேராவூரணிக்குத் தெற்கே, காவிரித் தண்ணீர் கடைசியாக வந்துசேரும் கடைமடைப் பகுதியான மேலக்கொல்லையிலிருந்து தோகாவுக்குப் போக இருந்தவன் பரிதி. ஐடிஐ படித்த வெல்டர்; வயது முப்பது; தப்பும் டிரம்சும் அடிப்பான். பேப்பரில் வந்த செய்தியைக் கிழித்து எடுத்துக்கொண்டு லியோவின் பட்டறைக்கு ஓடிவந்தான்.

"அண்ணே, நம்மளை அரசாங்கமே தேடுது."

லியோ மோட்டார் காயில் கட்டிக்கொண்டிருந்தார். நாற்பத்துநான்கு வயது. சுற்றுவட்டாரத்தில் எரிந்துபோன பம்புசெட் மோட்டாரெல்லாம் அவர் கைக்குத்தான் வரும். கோயில் பாடற்குழுவில் கிடார் கற்றுக்கொண்டவர். அங்கே பாடவந்த அமலியைக் கட்டிக்கொண்டவர். அவர், அமலி, பரிதி மூவரும் சேர்ந்து அந்த வருடம் ஆனியில் 'கடைமடை' என்று ஒரு ஆல்பம் போட்டிருந்தார்கள். தென்னந்தோப்புக் கொட்டகையில், மின்வெட்டு நேரம் பார்த்து, பேட்டரியில் பதிவு செய்தது. கரண்ட் இருந்தால் நாலாபக்கமும் மோட்டார் ஓடும், பாட முடியாது. மின்வெட்டை வாழ்த்திய ஒரே இசைக்குழு அநேகமாக அதுதான். ஐம்பது சிடியில் நகலெடுத்திருந்தார்கள். ஐம்பதும் கட்டிலுக்கடியில் இருந்தன.

"விழா ஆகஸ்ட் இருபத்தெட்டு. எனக்கு பிளைட் முப்பது. ஒரு மேடை, ஒரே ஒரு மேடைண்ணே. நாலு பேரு கேட்டாங்கன்னு இருந்தா நிம்மதியா போவேன்."

"ரெண்டு வருஷத்துல வந்துருவியே, அப்ப வாசிச்சா ஆகாதா?" என்றாள் அமலி.

லியோ தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "நம்ம பேஸ் கிடார் சகாயமும் ரெண்டு வருஷம்னுதான் சிங்கப்பூர் போனான். வந்து லாரி வாங்கினான். கிடாரைப் பார்த்து, இது யாரோடதுன்னு கேட்டான்."

மறுநாளே சட்டை மாற்றிக்கொண்டு தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினார்.

அறியப்படாத இசைத்தொகுப்புகள் கண்டறிதல் பிரிவு எங்கே இருக்கிறது என்று நான்கு பேரைக் கேட்டார். நான்கு பேருக்கும் தெரியவில்லை. பிரிவு தன் கொள்கையில் உறுதியாக இருந்தது. பழைய கட்டடம் ஒன்றின் பின்புறம், மாடிப்படிக்கு அடியில், பலகை இல்லாத அறையில் கண்காணிப்பாளர் ஆனந்தவல்லி உட்கார்ந்திருந்தார்.

"அறியப்படாதவர்னு ஆதாரம் இருக்கா?"

"மேடம், இதுக்கு முன்னாடி என்னைக் கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"இல்லையே."

"அவ்வளவுதான் மேடம் ஆதாரம்."

ஆனந்தவல்லி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "எனக்குத் தெரியாதவங்க கோடிப்பேரு இருக்காங்க. எல்லாரையும் மேடையேத்த முடியுமா? எனக்குத் தெரியாதுங்கிறது என் சொந்த விஷயங்க. தெரியாதுன்னு தாள்ல வரணும். படிவம் ஏழு. அறியப்படாமைச் சான்று. உங்க ஊர் விஏஓ தரணும்."

"ஒரு பாட்டாவது கேளுங்க மேடம். மூணே நிமிஷம்."

அவர் சிடியை உறையிலிருந்து எடுக்கப்போக, ஆனந்தவல்லி பதறி எழுந்துவிட்டார்.

"ஐயையோ, எடுக்காதீங்க! நான் கேட்டா பிரிவுக்குத் தெரிஞ்சதாயிடும். பிரிவுக்குத் தெரிஞ்சா அரசுக்குத் தெரிஞ்ச மாதிரி. அப்புறம் அதை எப்படி அறியப்படாததுன்னு மேல அனுப்புறது?"

சொன்னதோடு நிற்கவில்லை. உறைக்குள் போட்டு, அரக்கு உருக்கி, நான்கு மூலையிலும் முத்திரை வைத்துவிட்டார். லியோவுக்கு அதில் குறை சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. அவருடைய பாட்டுக்கு இவ்வளவு பாதுகாப்பை யாரும் கொடுத்ததில்லை.

விஏஓ வீரையன் அடங்கல் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். லியோவும் பரிதியும் வந்து சொன்ன விஷயத்தைக் கேட்டதும் மூடிவிட்டார்.

"உங்களைத் தெரியாதுன்னு எந்தக் கையால எழுதுவேன் லியோ? என் மோட்டாரையே மூணு தடவை கட்டியிருக்கீங்க."

"மோட்டார்க்காரனா தெரியும் சார். பாட்டுக்காரனா தெரியுமா?"

வீரையன் கொஞ்சம் யோசித்தார். "நீங்க பாடுவீங்களா?"

"அதைத்தான் சார் எழுதித் தரணும்."

வீரையன் ஒரே மூச்சில் எழுதினார்: 'மேற்படி லியோவை மேற்படி கிராமத்தில், மோட்டார் பழுது நீக்கும் தொழில் நீங்கலாக, வேறு எவ்வகையிலும் எவரும் அறியார்.' இருபது வருடம் பாடிய ஒரு மனிதரைப் பற்றி அதைவிடச் சுருக்கமாக எழுத முடியாது. லியோ இரண்டு தடவை படித்தார். எங்கேயும் பிழை இல்லை.

"கையெழுத்துப் போட்டுடலாம்," என்றார் வீரையன். "ஆனா அதுக்கு முன்னாடி பதினைஞ்சு நாள் விளம்பரம் செய்யணும். தண்டோரா போடணும். பரிதி, நீதான் தப்பு அடிப்பியே, ஊரைச் சுத்தி ஒரு தட்டு..."

"அதை எங்க அப்பாவோட நிறுத்தியாச்சு சார்," என்றான் பரிதி. "இப்ப பாட்டுக்கு மட்டும்தான்."

வீரையன் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆட்டோவில் மைக் கட்ட ஏற்பாடு செய்தார். மேலக்கொல்லையிலும் சுற்றியுள்ள ஆறு ஊர்களிலும் காலையும் மாலையும் ஆட்டோ சுற்றியது: "லியோ என்பவர் ஓர் அறியப்படாத கலைஞர் என்பதால், அவரை அறிந்தவர் எவரேனும் இருப்பின் பதினைந்து நாட்களுக்குள் ஆட்சேபணை தெரிவிக்கலாம்." ரேஷன் கடை, பஸ் நிறுத்தம், மாதா கோயில், பிள்ளையார் கோயில், பால் சொசைட்டி எங்கும் போட்டோவோடு நோட்டீஸ் ஒட்டினார்கள். மூன்றாம் நாள் முடிவில், லியோவை யாருக்கும் தெரியாது என்பதை அறியாத ஆளே அந்த வட்டாரத்தில் இல்லை.

அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. மேலக்கொல்லையில் ஒருவருக்குக் காது குத்தினாலும் ஃபிளெக்ஸ் வைப்பார்கள். மாடு கன்று போட்டதற்கு வைத்தவர்களும் உண்டு. அரசாங்கமே ஒருவரை அறியப்படாதவர் என்று அறிவிக்கப்போகும்போது ஊர் கையைக் கட்டிக்கொண்டு இருக்குமா? சிங்கப்பூர் வாழ் மேலக்கொல்லை நண்பர்கள் போன் போட்டார்கள். முக்கூட்டுச் சாலையில் இருபதடி ஃபிளெக்ஸ் எழுந்தது. 'அகிலம் அறியா அண்ணனே!' என்று மேலே. கீழே, கைபேசியைக் காதில் வைத்தபடி முப்பத்தாறு பேர். மூலையில் லியோ. அவர் போடாத கறுப்புக் கண்ணாடியும், கையில் தொட்டுப் பார்த்திராத சிவப்பு கிடாரும் கடைக்காரர் சேர்த்துக் கொடுத்திருந்தார்.

"உங்க முகத்தைவிட சிங்கப்பூர் மாமா முகம் பெருசா இருக்கே," என்றாள் அமலி.

"அவருதானே ஃபிளெக்ஸ் குடுத்தாரு."

இந்த ஃபிளெக்ஸைப் பார்த்துத்தான் கோவிந்தராசு காரை நிறுத்தி, பட்டறைக்கு வழி கேட்டு வந்தார். கும்பகோணத்துக்காரர், பெங்களூரில் மென்பொருள் வேலை, உறவினர் வீட்டு விசேஷத்துக்கு வந்தவர். ஆனால் இணையத்தில் அவர் யார் என்பது வேறு. யாரும் கேட்டிராத ஆல்பங்களைக் கேட்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது என்று பேர். தாடி அதற்கென்றே வளர்த்தது. இன்னொருவருக்குத் தெரிந்துவிட்டால் அந்தப் பாட்டை அன்றே நிறுத்திவிடுவார். சாப்பாட்டில் முடி கிடந்தது போல அவருக்கு.

"இதை இதுவரைக்கும் எத்தனை பேர் கேட்டிருக்காங்க?" என்றார் சிடியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபடி.

"நாங்க மூணு பேரு."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"அமலியோட அண்ணன் பாதி கேட்டாரு. டேப்ல பேட்டரி தீர்ந்துடுச்சு."

"பாதி பரவாயில்ல."

காருக்குள் ஏசி போட்டுக்கொண்டு நாற்பது விநாடி கேட்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

"பின்னால ஒரு 'கர்க் கர்க்'னு வருதே, அபாரம்! என்ன கருவி அது?"

"பக்கத்துத் தோப்புல தேங்காய் உரிக்கிறாங்க சார். எவ்வளவோ சொன்னோம், நிறுத்த மாட்டேன்னுட்டாங்க."

"அதை எடுத்துடாதீங்க," என்று கையெடுத்துக் கும்பிட்டார் கோவிந்தராசு. பிறகு அந்த நாற்பது விநாடியைப் பற்றிப் பதினோரு பத்தி எழுதினார். 'உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை' என்று தொடங்கியிருந்தார். அதற்குக் கீழே முன்னூறு பேர், தங்களுக்குத் தெரியும் என்று எழுதினார்கள். ஆறு மாதமாகத் தினமும் இதைத்தான் கேட்கிறேன் என்றார் ஒருவர். முதல் ஆல்பத்தில் இருந்த உயிர் இதில் இல்லை என்றார் இன்னொருவர். ஆல்பம் வந்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. அதற்குமுன் ஆல்பம் எதுவும் இல்லை.

பேராவூரணி பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து முழுவதையும் படித்த லியோ, வீட்டுக்கு வந்ததும் குனிந்து கட்டிலுக்கடியில் எண்ணினார். அரக்கு வைத்த ஒன்று, பரிதியிடம் ஒன்று, கோவிந்தராசுவிடம் ஒன்று. மீதி நாற்பத்தேழு. நாற்பத்தேழும் இருந்தன.

பதினான்காம் நாள் ஆட்சேபணை வந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. முதல் கையெழுத்து, பஸ் நிறுத்தத்தில் இட்லிக் கடை வைத்திருக்கும் அம்சத்துடையது. 'நாங்கள் இத்தனை பேர் உயிரோடு இருக்கும்போது எங்கள் லியோவை யாருக்கும் தெரியாது என்று கூறுவது அவருக்கும் ஊருக்கும் அவமானம்.' கோவிந்தராசு எழுதியதையும் அச்செடுத்து இணைத்திருந்தார்கள்.

விசாரணைக்கு ஆனந்தவல்லியே வந்தார். ஊராட்சி அலுவலகத்தில் நாற்காலி போட்டார்கள்.

"லியோவை உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியுமாவா? அந்தப் புள்ளை நடை பழகுனதே என் கடை வாசல்ல."

"இசைக்கலைஞரா தெரியுமா?"

"அதான் ஃபிளெக்ஸ்ல அடிச்சுப் போட்டிருக்கே. வர்ற வழியில பாக்கலையா நீங்க?"

"அவர் பாட்டைக் கேட்டிருக்கீங்களா?"

அம்சத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆளையே தெரியுங்கிறேன், அப்புறம் பாட்டு எதுக்கு?"

ஆனந்தவல்லி விதிகளைப் புரட்டினார். கேட்டிருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. அறிந்திருந்தால் போதும். லியோ அறியப்பட்டவர் என்று தீர்மானமாயிற்று. ஊர் கைதட்டியது.

"ஏன் அத்தை இப்படிப் பண்ணீங்க?" என்றான் பரிதி.

"போடா! ஒருத்தனை யாருன்னே தெரியாதுன்னு கவருமெண்டுல எழுதுவாங்க, நாங்க பாத்துக்கிட்டு இருக்கணுமா?"

லியோ கண்காணிப்பாளரின் ஜீப்புக்குப் பின்னாலேயே போனார். "மேடம், அறியப்பட்டவங்களுக்கு ஒரு பிரிவு இருக்காமே. அங்கயாவது..."

"கேட்டுட்டேன். அவங்களுக்கு மூணு சினிமாப் பாட்டாவது வேணுமாம். அங்க உங்களை யாருக்கும் தெரியலையாம்." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "விதி பதினாலுன்னு ஒண்ணு இருக்கு. அறியப்பட்டவர் மறக்கப்பட்டா திரும்ப மனு போடலாம்."

"மறக்க எத்தனை நாளாகும் மேடம்?"

"ஏழு வருஷம்."

பரிதிக்குப் பதினோரு நாள் இருந்தது.

மாவட்டம் முழுக்க இதே கதைதான். பத்துப் பேரும் முறைப்படி விளம்பரம் செய்யப்பட்டு, முறைப்படி அறியப்பட்டு, முறைப்படி நீக்கப்பட்டார்கள். ஆனால் விழாவை நிறுத்த முடியாது. நிறுத்தினால் வந்த நிதி திரும்பிப் போய்விடும். கலைஞர்கள் இல்லாவிட்டாலும் ரசிகர்களாவது இருக்கட்டும் என்று, கிராமத்துக்கு இருபது பேரை அழைத்துவர விஏஓக்களுக்கு உத்தரவு போயிற்று.

வீரையன் பட்டறைக்கு வந்தார். "பதினேழு பேரு தேறிட்டாங்க. இன்னும் மூணு வேணும். நீங்க மூணு பேரும் வந்துருங்களேன். வேன்ல இடமில்ல, பஸ்ல வந்துருங்க."

"ரசிகரா போறதுக்குக் கிடார் எதுக்குங்க?" என்றாள் அமலி, லியோ அதைச் சாக்கில் சுற்றுவதைப் பார்த்து.

"வீட்டுல இருந்தா எலி கடிக்குது."

பரிதி தப்பைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

தஞ்சாவூர் மைதானத்தில் ஆயிரம் நாற்காலி. வெயில். பதினோரு மணிக்கு வரவேண்டிய சிறப்பு விருந்தினர் வரவில்லை. அவருக்குப் பதிலாகச் சரியான நேரத்துக்கு மின்வெட்டு வந்தது. ஜெனரேட்டரை ஓட்டினார்கள். இருமியது, நின்றது. மைக்செட் ஜெகபர் அலி தலையில் கைவைத்தபடி கூட்டத்தைப் பார்த்தார். கூட்டத்தில் லியோவைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"லியோ அண்ணே! கடவுளே அனுப்பிச்ச மாதிரி வந்தீங்க!"

அவரைப் பார்த்து அப்படி மலர்ந்த முகம் அந்த மாவட்டத்தில் அது ஒன்றுதான். லியோ சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். ஸ்பார்க் பிளக்கில் கரி படிந்திருந்தது. பரிதி உப்புத்தாளால் தேய்த்துக் கொடுக்க, கால்மணியில் ஜெனரேட்டர் சீராக முனகத் தொடங்கியது.

"மைக்கையும் ஒரு தடவை டெஸ்ட் பண்ணிக் குடுத்துருங்கண்ணே," என்றார் ஜெகபர் அலி. "விருந்தினர் இன்னும் வல்லத்தையே தாண்டலையாம்."

லியோ அமலியைப் பார்த்தார். அமலி பரிதியைப் பார்த்தாள். சாக்கு பிரிந்தது.

*மேட்டூரு தொறந்தாச்சு, பேப்பருல வந்தாச்சு;*
*என் வயலுத் தண்ணி மட்டும் எழுத்துக்கூட்டி வருது.*

அமலியின் குரல் குழாய் ஒலிபெருக்கிகளில் ஏறி, பெரிய கோயில் பக்கமாகப் போய்த் திரும்பி வந்தது. பரிதி அடித்த அடியில் மேடையில் வைத்திருந்த குத்துவிளக்கு நடுங்கியது. முதல் பாட்டு முடிந்ததும் ஆனந்தவல்லி படியேறி வந்தார். கையில் கோப்பு.

"என்னங்க பண்றீங்க இங்க?"

"மைக் டெஸ்டிங் மேடம்."

அவர் கோப்பைத் திறந்தார். வெகுநேரம் பார்த்தார். மூடினார்.

"மைக் டெஸ்டிங்குக்குச் சான்று தேவையில்ல. அடுத்த மைக்கையும் டெஸ்ட் பண்ணுங்க."

"ஒரு மைக்தான் மேடம் இருக்கு."

"அப்ப அதையே திரும்ப டெஸ்ட் பண்ணுங்க," என்று சொல்லிவிட்டு, இறங்கிப் போய் முதல் வரிசையில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெயில்.

மைக்கை ஏழு பாட்டுக்குச் சோதித்தார்கள். கூட்டத்தில் பலர் விசிறிக்கொண்டிருந்தார்கள். சிலர் விசிறுவதை நிறுத்தியிருந்தார்கள். மூன்றாம் வரிசையில் கோவிந்தராசு கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துப் பரிதிக்கு உற்சாகம் தாங்கவில்லை. இறங்கியபின்தான் தெரிந்தது, அவர் காதில் ஹெட்போன் இருந்தது. ஏதோ ஒரு மலைநாட்டில் நான்கு பேர் போட்ட ஆல்பமாம். இன்னும் யாரும் கேட்டதில்லையாம்.

"'கடைமடை' என்ன சார் ஆச்சு?" என்றான் பரிதி.

"அதா? அது இப்ப எல்லாருமே கேட்க ஆரம்பிச்சுட்டாங்க," என்றார் கோவிந்தராசு, இறந்தவரைப் பற்றிச் சொல்வதுபோல.

விருந்தினர் வந்தார். மைக் பிரமாதமாக வேலை செய்தது. மாவட்டத்தில் அறியப்படாத கலைஞர் ஒருவர்கூட இல்லை என்ற நிலையை மூன்றே மாதத்தில் எட்டிய அதிகாரிகளை அவர் மனமாரப் பாராட்டினார். பொன்னாடைகள் போர்த்தப்பட்டன.

முப்பதாம் தேதி பரிதி திருச்சி விமான நிலையத்தில் உள்ளே போனான். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, தப்பும் குச்சியும் பிடிப்பதுபோல் கையை வைத்து, காற்றில் இரண்டு தட்டு தட்டிக் காண்பித்தான். சத்தம் இந்தப் பக்கம் வரவில்லை.

நான்கு நாள் கழித்து வீரையன் பட்டறைக்கு வந்தார். மோட்டார் புகைந்துவிட்டது, சம்பாவுக்கு நாற்று விட்டிருக்கிறார், அவசரம். லியோ திருகாணியைக் கழற்றிக்கொண்டிருக்கையில் சொன்னார்:

"அன்னைக்குத் தஞ்சாவூர்ல சாப்பாட்டுப் பந்தல்ல நின்னுக்கிட்டு இருந்தேன் லியோ. மைக் டெஸ்டிங்னு ஒரு பொம்பளை பாடுச்சு பாருங்க! தண்ணி எழுத்துக்கூட்டி வருதுன்னு. கையில சோத்தோட அப்படியே நின்னுட்டேன். எங்க அப்பாரு வாய்க்கால் தலைப்புல மம்பட்டியோட உக்காந்திருப்பாரே, அவரு ஞாபகம் வந்துடுச்சு."

லியோவின் கை நின்றது. "யாரு சார் பாடினது?"

"யாருக்குத் தெரியும்? வடக்க எங்கேயாவது இருக்கும். நம்ம பக்கம் யாரு அப்படிப் பாடுறா?"

லியோ உள்ளே போய், குனிந்து, ஒரு சிடியை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் எழுதிவிடுவார்.

வீரையன் அதை வெயிலில் திருப்பிப் பார்த்தார். வானவில் ஒன்று அவர் சட்டையில் ஓடியது. முகம் பிரகாசமானது. "அடடே! இதைத்தான் நானே கேக்கணும்னு இருந்தேன்."

மறுநாள் காலை அமலி பால் ஊற்றிவிட்டு வரும்போது பார்த்தாள். வீரையனின் நாற்றங்காலின் குறுக்கே கயிறு கட்டி, நடுவில் அது தொங்கிக்கொண்டிருந்தது. காற்றில் சுழன்று பளீரென்று அடித்தது. விதை பொறுக்கவந்த குருவிகள் கிட்டே வந்து ஒரு கணம் பார்த்துவிட்டுத் திரும்பின. நல்ல பலன் என்று ஊரில் பேச்சாயிற்று. அம்சம் இரண்டு வாங்கிப்போனாள். ஃபிளெக்ஸ் வைத்தவர்கள் வீட்டுக்கொருவராக வந்து கேட்டார்கள். ஒரே வாரத்தில் கட்டிலுக்கடி காலியானது.

அந்த வாரமே கோவிந்தராசு இணையத்தில் ஒரு வரி எழுதினார்: "'கடைமடை' இனி எங்கும் கிடைக்காது, முழுவதும் விற்றுத் தீர்ந்துவிட்டது." அதற்குக் கீழே தொள்ளாயிரம் பேர், நல்லவேளையாகத் தங்களிடம் ஒன்று இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள்.